கடைப் பக்கம் வருபவரின் கைப்பேசிக்கு அறிவிப்பு அனுப்புவது சிறு வணிகத்துக்கு உதவுமா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பல ஆண்டுகளாகப் பட்சணக் கடை நடத்துகிறீர்கள். நங்கநல்லூரில் ஒரு கிளை திறக்கப் போகிறீர்கள். சனி, ஞாயிறுகளில் வேளச்சேரி, மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு உங்கள் சிறு வண்டியும் போய் வருகிறது. கடையைச் சுற்றி 500 மீட்டருக்குள் யார் வந்தாலும் அவர்கள் கைப்பேசியில் ‘இன்றைய சலுகை’ என்று அறிவிப்பு ஒலிக்கும்படி ஒரு செயலி செய்து தருவதாக விளம்பர நிறுவனம் ஒன்று சொல்கிறது. அதில் பணம் போடலாமா, வாடிக்கையாளர்கள் எரிச்சல் அடைவார்களா, எஸ்எம்எஸ் அனுப்பலாமா, சட்டச் சிக்கல் உண்டா என்று கேட்கிறீர்கள்.

அந்தச் செயலியில் பணம் போட வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் இருப்பிடம் பார்த்துச் செய்தி அனுப்பும் எண்ணத்தை அதோடு சேர்த்துக் கைவிட்டுவிடாதீர்கள். உங்கள் தொழிலுக்கு அது பயன்படும் இடங்கள் இருக்கின்றன. அந்த நிறுவனம் சொன்ன இடத்தில்தான் அது பயன்படாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே திட்டத்தை வேறு பெயரில் இன்னொருவர் உங்களிடம் கொண்டுவரக்கூடும்.

முதலில் இது வேலை செய்யும் விதம். ஓர் இடத்தை மையமாக வைத்து, இத்தனை மீட்டர் ஆரம் என்று ஒரு வட்டத்தைச் செயலி கைப்பேசியிடம் கொடுத்து வைக்கிறது. இதைத் தொழிலில் ஜியோஃபென்ஸ் என்கிறார்கள். கைப்பேசி அந்த வட்டத்துக்குள் நுழைவதையும் வெளியேறுவதையும் ஆண்ட்ராய்டோ ஐபோனின் இயங்குதளமோ கவனித்துச் செயலியிடம் சொல்லும்; செயலி அறிவிப்பைக் காட்டும். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நாள் முழுவதும் ஜிபிஎஸ் ஓடினால் பேட்டரி தாங்காது. ஆகவே செயலி மூடியிருக்கும் நேரத்தில் வைஃபை, செல்கோபுரம் ஆகியவற்றின் சமிக்ஞைகளைக் கொண்டே பெரும்பாலும் இடம் கணிக்கப்படுகிறது. வட்டத்தின் ஆரம் 100 முதல் 150 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று செயலி எழுதுபவர்களுக்குக் கூகுள் சொல்வது இதனால்தான். பின்னணியில் இயங்கும் செயலிக்கு நுழைவுச் செய்தி வந்து சேரச் சராசரியாக இரண்டு மூன்று நிமிடம் ஆகும் என்றும், கைப்பேசி வெகுநேரம் அசையாமல் இருந்திருந்தால் ஆறு நிமிடம் வரை ஆகலாம் என்றும் அவர்களுடைய ஆவணமே கூறுகிறது.

இந்த இரண்டு மூன்று நிமிடத்தை உங்கள் தெருவில் வைத்துப் பாருங்கள். லஸ் முனையிலிருந்து மந்தைவெளி நோக்கி ஆர்.கே. மடம் சாலையில் ஒருவர் இருசக்கர வண்டியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்றால், நிமிடத்துக்கு 500 மீட்டர் கடக்கிறார். உங்கள் வட்டத்தின் முழு விட்டமே 1,000 மீட்டர்தான். அதை அவர் இரண்டே நிமிடத்தில் தாண்டிவிடுவார். அறிவிப்பு ஒலிக்கும்போது அவர் மந்தைவெளியில் இருப்பார், பட்சணம் வாங்கத் திரும்பி வரமாட்டார். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரைக் கைப்பேசியைப் பார்க்கத் தூண்டுவது ஆபத்து என்பதையும் நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. நடந்து வருபவர் மட்டுமே உங்களுக்குப் பயன்படுவார். அவர்களை மட்டும் பிரித்தெடுக்க, வட்டத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிடமாவது தங்கியிருப்பவருக்கே அறிவிப்பு காட்டும்படி அமைக்க வழி இருக்கிறது. அப்படி அமைத்தால் இன்னொரு சிக்கல் எழும். மாட வீதிகளில் குடியிருப்பவர்கள் தினமும் வேலை முடிந்து வீடு திரும்பும்போது வட்டத்துக்குள் ‘நுழைகிறார்கள்’. ஒவ்வொரு மாலையும் உங்கள் கடையின் பெயர் அவர்கள் கைப்பேசியில் ஒலித்தால், உங்கள் மிக நெருங்கிய வாடிக்கையாளர்களே முதலில் செயலியை நீக்குவார்கள்.

இதைவிடப் பெரிய தடை அனுமதி. ‘யார் வந்தாலும்’ என்று நிறுவனம் சொன்னது சரியில்லை. உங்கள் செயலியைத் தம் கைப்பேசியில் நிறுவியவருக்கு மட்டுமே அறிவிப்பு போகும். நிறுவினால் மட்டும் போதாது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்பு காட்டவே தனியாக அனுமதி கேட்க வேண்டும். செயலி திறந்திருக்கும்போது இருப்பிடம் அறிய ஓர் அனுமதி, மூடியிருக்கும்போதும் அறிய இன்னோர் அனுமதி. இந்த இரண்டாவதை ஆண்ட்ராய்டு 11 முதல் பயனர் அமைப்புகள் பக்கத்துக்கே போய் ‘எப்போதும் அனுமதி’ என்று தேர்ந்தெடுத்துத் தர வேண்டியிருக்கிறது. ஆண்ட்ராய்டு 12 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும் துல்லியமான இடத்தை மறைத்துத் தோராயமான இடத்தை மட்டும் தரவும் பயனரால் முடியும். அப்படித் தந்துவிட்டால் 500 மீட்டர் வட்டத்துக்குப் பொருளே இல்லை. போதாக்குறைக்கு, பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பின்னணிச் செயலிகளைத் தானாகவே நிறுத்திவிடும் கைப்பேசிகள் நம் ஊரில் ஏராளம். கணக்குக்காக, நிறுவியவர் 1,000 பேர், நான்கு படிகளில் ஒவ்வொன்றிலும் பாதிப் பேர் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் கடைசியில் எஞ்சுவது 62 பேர். முறுக்கு வாங்க வரும் ஒருவர், தாம் இரவும் பகலும் எங்கே இருக்கிறார் என்று கடைக்குத் தெரிவிக்கச் சம்மதிப்பார் என்று எதிர்பார்ப்பதே நியாயமில்லை. குறிப்பாகப் பெண் வாடிக்கையாளர்கள், ‘நான் இந்தத் தெருவில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?’ என்று ஒரு முறை யோசித்துவிட்டால் போதும், பல ஆண்டுகளாகச் சேர்த்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும்.

அந்த நிறுவனம் உங்களிடம் சொல்லாத இன்னொன்று: விளம்பரத்துக்காகவோ பயன்பாட்டுப் பகுப்பாய்வுக்காகவோ மட்டும் இருப்பிட அனுமதி கேட்கும் செயலிகளைக் கூகுள் பிளே கொள்கை ஏற்பதில்லை. பின்னணி இருப்பிடம் கேட்கும் செயலி, அது எதற்குத் தேவை என்று விளக்கித் தனிப் பரிசீலனையில் தேற வேண்டும். ஆப்பிளும், பயனர் வெளிப்படையாகச் சம்மதித்து, விரும்பும்போது விலகவும் வழி இருந்தாலொழிய விளம்பர அறிவிப்பு அனுப்பக் கூடாது என்கிறது. சலுகை அறிவிப்பு மட்டுமே நோக்கமாகக் கொண்ட செயலி பரிசீலனையிலேயே நின்றுபோக வாய்ப்பு அதிகம். நீங்கள் கொடுத்த முன்பணம் அதனோடு நின்றுபோகும்.

விளக்கக் கூட்டத்தில் அமெரிக்காவின் பர்கர் கிங் கதையைக் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அதைத்தான் காட்டுவார்கள். 2018 டிசம்பரில், மெக்டொனால்ட்ஸ் கடை ஒன்றிலிருந்து 600 அடிக்குள் நின்றபடி பர்கர் கிங் செயலியில் வாங்கினால் ஒரு சென்ட்டுக்கு பர்கர் என்று அவர்கள் அறிவித்தார்கள். அது பெரிய வெற்றி பெற்றதும் உண்மை. ஆனால் நாடு முழுவதும் கிளைகள், ஏறக்குறைய இலவசமாகக் கொடுக்கும் பண வலிமை, நாடே பேசும் அளவுக்கு விளம்பரம் எல்லாம் அவர்களிடம் இருந்தன. மக்கள் தாமாகவே செயலியைத் திறந்து வந்தார்கள். அதே 2018 டிசம்பரில், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கடைகளும் பிற இடங்களும் அருகில் இருப்பவர்களுக்குச் செய்தி காட்ட உதவிய ‘நியர்பை’ அறிவிப்பு வசதியைக் கூகுளே நிறுத்திவிட்டது. அந்த இடத்துக்குத் தொடர்பில்லாத, வேண்டாத செய்திகள் பெருகிவிட்டன என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். கடைக்காரர்களுக்கு இந்த இரண்டாவது கதைதான் அதிகம் பொருந்தும். ரங்கநாதன் தெருவில் வாசலில் நின்று கூவி அழைப்பவரைக் கடந்து போகப் பழகிய நம் மக்கள், கைப்பேசியில் கூவுபவரை இன்னும் எளிதாக ஒதுக்கிவிடுவார்கள்.

அப்படியானால் இருப்பிடத்தை எப்படிப் பயன்படுத்துவது? வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று நீங்கள் கண்காணிக்கத் தேவையில்லை, அவரே சொல்லட்டும். சென்னைக்காரர்கள் ஊரைத் தபால் எண்ணாலேயே பேசிப் பழகியவர்கள். மயிலாப்பூர் சென்னை-4, மந்தைவெளி சென்னை-28, நங்கநல்லூர் சென்னை-61. பில் போடும் இடத்தில் ஒரு க்யூஆர் அட்டை வையுங்கள். ‘அடுப்பிலிருந்து இறங்கும் நேரம் தெரிய வேண்டுமா? உங்கள் பகுதியின் தபால் எண்ணை இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். வருகிற எண்களைப் பகுதிவாரியாகத் தனித்தனி ஒலிபரப்புப் பட்டியலாக (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பட்டியல்) வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்தவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பதால், பதிந்துகொள்ளும்படி கல்லாவில் இருப்பவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த நிபந்தனையை ஒரு குறையாகப் பலர் சொல்கிறார்கள். எனக்கோ இதுவே இதன் சிறப்பாகத் தோன்றுகிறது, ஏனென்றால் பெயரைப் பதிந்து வைத்தவர் உங்கள் செய்தியை எதிர்பார்த்திருப்பவர். வாட்ஸ்அப் தன் விதிகளை அவ்வப்போது மாற்றுகிறது என்பதால், மொத்தமாக அனுப்பும் முன் நடப்பு வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன அனுப்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, 10 சதவீதத் தள்ளுபடி, உடனே வாருங்கள்’ என்ற செய்தியில் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ‘கைமுறுக்கு இன்று 4 மணிக்கு இறங்குகிறது. தெற்கு மாட வீதிக் கடையில் மட்டும். 6 மணிவரை எடுத்து வைக்கச் சொல்லலாம்’ என்ற செய்தியில் பொருள், நேரம், இடம், அடுத்துச் செய்ய வேண்டியது நான்கும் இருக்கின்றன. பொருளின் பெயர் முதல் சொல்லாக இருக்கட்டும், பூட்டிய திரையில் முதல் சில சொற்களே தெரியும். கோகுலாஷ்டமிக்கு முன்பு சீடை, நவராத்திரியில் வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கச் சிறு பொட்டலங்கள், கார்த்திகைக்குப் பொரி உருண்டை, மார்கழியில் கச்சேரிக்குப் போகும் வழியில் வாங்கிக்கொள்ளும் சிறு பாக்கெட் என்று உங்கள் தொழிலுக்கு ஆண்டு முழுவதும் சொல்லச் செய்தி இருக்கிறது. பங்குனியில் அறுபத்துமூவர் நாளன்று மட்டும் எதுவும் அனுப்பாதீர்கள். அன்று மாட வீதிகளில் நிற்கவே இடம் இருக்காது, கூட்டம் தானே வருகிறது. ‘இன்று வராதீர்கள், நாளைக் காலை நிதானமாக வாங்கிக்கொள்ளலாம்’ என்று முந்தைய நாள் வயதானவர்களுக்குச் சொன்னால், அந்த ஒரு செய்திக்காகவே உங்களை மறக்கமாட்டார்கள். வாரத்துக்கு ஒன்று, பண்டிகை வாரத்தில் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

எஸ்எம்எஸ் அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப நிறுவனத்தின் பெயர், அனுப்புநர் குறியீடு, செய்தியின் மாதிரி வாசகம் ஆகிய மூன்றையும் தொலைபேசி நிறுவனங்கள் இதற்கென நடத்தும் டிஎல்டி தளத்தில் பதிவு செய்ய வேண்டும். 1909 என்ற தொலைபேசி எண்ணில் விளம்பரம் வேண்டாம் என்று பதிந்தவர்களுக்கு அது போகக் கூடாது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்றால், தமிழில் 70தான். அதிலும் உயிர்மெய்யில் மெய்யும் குறியும் தனித்தனியாக எண்ணப்படும், ‘முறுக்கு’ என்ற நான்கெழுத்துச் சொல்லே எட்டாகிவிடும். ஒரே செய்தி இரண்டு மூன்று செய்திக் கட்டணம் பிடிக்கலாம். உங்கள் அளவுக்கு இது தேவையில்லை. யாராவது ‘மயிலாப்பூர் எண்கள் பத்தாயிரம்’ என்று பட்டியல் விற்க வந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

இருப்பிடம் உங்களுக்கு இலவசமாக உழைக்கும் இடம் கூகுள் மேப்ஸ். ‘அருகில் பட்சணக் கடை’ என்று ஒருவர் தேடும்போது, தாம் எங்கே இருக்கிறார் என்பதை அவரே விரும்பித் தருகிறார், அந்த நொடியிலேயே வாங்கும் மனத்தோடும் இருக்கிறார். கடைக்காரர் தம் கடையின் விவரத்தைக் கூகுளில் பதியும் பக்கமான கூகுள் பிசினஸ் புரொஃபைலில் உங்கள் கடையின் குறி சரியாக வாசலில் விழுகிறதா, அடுத்த தெருவில் விழுகிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். நுழைவழி ஒரு தெருவிலும் குறி இன்னொரு தெருவிலும் இருக்கும் கடைகளை மாட வீதிகளைச் சுற்றி நிறையவே பார்க்கலாம். மெட்ரோ வேலைக்காகப் போக்குவரத்து மாற்றப்பட்டிருக்கும்போது வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று ஒரு வரி எழுதி, ஒரு படமும் போடுங்கள். தீபாவளிக்கு முந்தைய நாட்களின் நேரத்தைத் தனியாகப் பதியுங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிக் கிடைக்கிறதா என்று சோதியுங்கள். செயலிக்குச் செலவிட நினைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தால் போதும்.

அடுத்தது உங்கள் வண்டி. இருப்பிட அறிவிப்பு உண்மையிலேயே ஒளிரும் இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கே தெரிய வேண்டியது கடையின் இருப்பிடம், வாங்குபவருடையது இல்லை. நம் தெருக்களில் மீன்காரரும் கோலமாவு விற்பவரும் குரல் கொடுத்தபடி வருவதன் பயன், ‘இதோ வந்துவிட்டேன்’ என்ற செய்திதான். பன்னிரண்டாவது மாடிக்கு அந்தக் குரல் எட்டாது, கைப்பேசி எட்டும். குடியிருப்புச் சங்கத்தின் ஒப்புதலோடு அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில், வண்டி கிளம்பும்போது நேரலை இருப்பிடத்தைப் பகிருங்கள். 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று மூன்று அளவுகளில் அது கிடைக்கிறது, ஒரு மணி உங்களுக்குப் போதும். வண்டி வாயிலுக்கு வந்ததும் ‘வந்தாயிற்று, 6.15 வரை நிற்போம். தட்டை, ரிப்பன் பக்கோடா, தேன்குழல் இருக்கிறது’ என்று ஒரு செய்தி. யாருடைய அனுமதிச் சங்கிலியும் இதற்குத் தேவையில்லை, செயலியும் தேவையில்லை. ஓட்டுநரின் சொந்தக் கைப்பேசியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், வேலை முடிந்த பிறகு அவர் எங்கே போகிறார் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. கடைக்கென்று ஒரு கைப்பேசியை வண்டியிலேயே வையுங்கள். மழைக்காலத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் நின்று வண்டி வரமுடியாத நாளிலும் இதே குழுவில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நங்கநல்லூர்க் கிளைக்கு, திறக்கும் வாரத்திலும் அடுத்த வாரத்திலும் பேஸ்புக்–இன்ஸ்டாகிராம் விளம்பரம் கொடுப்பது தவறில்லை. வரைபடத்தில் கடையைக் குறித்து, அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும்படி அமைக்கலாம். புதிய கடை இருப்பதே தெரியாதவர்களுக்குத் தெரிவிக்க இது நல்ல வழி. மயிலாப்பூரில் தலைமுறையாகத் தெரிந்த கடைக்கு இதே விளம்பரம் வீண் செலவு.

சட்டத்துக்கு வருகிறேன். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வணிகர்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. எண்களையும் பகுதியையும் சேகரிப்பதற்கும் இது பொருந்தும். எதற்காக வாங்குகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், வாடிக்கையாளர் விரும்பினால் தமிழிலேயே. சம்மதம் தந்தது போலவே எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். ‘நிறுத்து’ என்று பதில் அனுப்பினால் அன்றே பெயரை நீக்கிவிடுங்கள். 18 வயது நிறையாதவர்களைக் கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. தரவைக் காக்கத் தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அது உச்ச வரம்பு, சிறு கடைக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: விளம்பர நிறுவனம் உங்கள் சார்பில் தரவைக் கையாண்டாலும் சட்டப்படிப் பொறுப்பு உங்களுடையது. வட்டத்துக்குள் நுழைவதைக் கைப்பேசிக்குள்ளேயே கண்டறிய முடியும், வாடிக்கையாளரின் நடமாட்டம் வேறொருவரின் சர்வருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. அந்த விளம்பர நிறுவனத்தின் செயலியில் அது போகிறதா, எங்கே, எத்தனை நாள் இருக்கும், ஒப்பந்தம் முடிந்தால் அழிப்பார்களா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்குத் தாமதமானாலே முடிவு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக, எதைச் செய்தாலும் அளந்து பாருங்கள். இரண்டு மாதத்துக்கு வியாழக்கிழமைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு வியாழன் செய்தி அனுப்பி, அடுத்த வியாழன் அனுப்பாமல், மாலை நான்கு முதல் ஏழு வரை விற்பனையைக் கல்லாக் குறிப்பில் தனியாக எழுதி வாருங்கள். பண்டிகை வந்த வியாழனையும் கனமழை பெய்த வியாழனையும் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் பட்டியலை மெதுவாக வளர்க்கலாம். தெரியாவிட்டால் செய்தியின் நேரத்தையோ பொருளையோ மாற்றி இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.